கணக்குக்கும் ஒரு கிடங்கு!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நினைவுக்கு வருவது ஆண்டாள் கோவில். அடுத்தது பால்கோவா. இந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆடிப்பூரத் தேர் நெருங்குகிறது. ஒரு பால்கோவா கடைக்காரர் யோசிக்கிறார். எத்தனை லிட்டர் பால் சொல்லி வைப்பது? அதிகம் வாங்கினால் சரக்கு தேங்கும். குறைவாக வாங்கினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

சென்ற வருடக் கணக்கைப் பார்த்தால் பதில் தெரியும். ஆனால் பால் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. சீனிக் கணக்கு மளிகை பில்லில் இருக்கிறது. விற்பனைக் கணக்கு பில் போடும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது யார்?

ஒரு கடைக்கே இந்தப் பாடு. பக்கத்து ஊரான ராஜபாளையத்து மில்களை நினைத்துப் பாருங்கள்!

மில் வழி வந்த கம்ப்யூட்டர்

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் நூல் மில் தொடங்கினார். அவர் வழி வந்த ராம்கோ குழுமம் சிமெண்டு, கூரைத் தகடு என்று வளர்ந்தது. 1989-ல் அந்தக் குழுமத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கென்று ஒரு பிரிவு பிறந்தது. அதுதான் ராம்கோ சிஸ்டம்ஸ். அதன் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 1990-களில் அது 'மார்ஷல்' என்ற பெயரில் ஒரு நிர்வாகக் கணக்கு முறையை வெளியிட்டது.

இந்த வகைக்கு 'ஈ.ஆர்.பி.' என்று பெயர். கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளம், விற்பனை எல்லாம் ஒரே ஏட்டில் ஏறும். பஞ்சு லாரி வாசலில் நுழைந்ததும் எடை பதிவாகும். வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணமும் கூடவே பதிவாகும்.

"அப்படியானால் வேலை முடிந்ததே!" என்பீர்கள். அதுதான் இல்லை!

இரண்டாவது ஏடு

ஈ.ஆர்.பி. அன்றாட வேலைக்கு உரியது. "ஐந்து வருடத்தில் எந்த ஊர்ப் பஞ்சில் கழிவு குறைவு?" என்று பட்டப்பகலில் அதனிடம் கேட்டால் என்ன ஆகும்? பழைய பதிவுகளை எல்லாம் அது புரட்ட ஆரம்பிக்கும். பில்லுக்காக லாரி வாசலில் காத்து நிற்கும்.

ஆகையால் இரவு நேரத்தில் அந்தக் கணக்கைப் பிரதி எடுத்து, வேறொரு இடத்தில் வருடக் கணக்கில் சேர்த்து வைக்கிறார்கள். அதுவே தகவல் கிடங்கு. ஆங்கிலத்தில் 'டேட்டா வேர்ஹவுஸ்' என்பார்கள். அமெரிக்கரான பில் இன்மான் 1992-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

கண்டியா? பேலா?

பிரதி எடுப்பது சுலபம். சேர்ப்பதுதான் கஷ்டம்.

பஞ்சுக்கு விலை பேசுவது கண்டிக் கணக்கில். ஒரு கண்டி 356 கிலோ. கிடங்கில் எண்ணுவது பேல். ஒரு பேல் 170 கிலோ. 100 கண்டியையும் 100 பேலையும் கூட்டி 200 என்று எழுதலாமா? கிலோவாக மாற்றினால்தான் 52,600 கிலோ என்று சரியாக வரும்.

பெயரிலும் வில்லங்கம் உண்டு. ஒரே வியாபாரியின் பெயருக்கு முன்னால் ஒரு ஏட்டில் 'ஸ்ரீ' இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நமக்கு அவர் ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கோ இரண்டு பேர்!

இதைவிட மோசமானது ஒன்று. ஒரு நாள் கணக்கு தவறுதலாக இரண்டு முறை ஏறிவிட்டால், வந்த பஞ்சு இரட்டிப்பாகத் தெரியும். முதலாளி அதை நம்பிப் பஞ்சு வாங்காமல் இருந்துவிடுவார். பிறகு கதிர்கள் நிற்கும். தொழிலாளி வீட்டில் உலை கொதிக்காது. அதனால்தான் காலையில் அறிக்கை கொடுக்குமுன் இரண்டு ஏட்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தேர் எந்தத் தேதி?

மறுபடியும் பால்கோவா கடைக்கு வருவோம். 2024-ல் ஆடிப்பூரம் ஆகஸ்டு 7-ந் தேதி. 2025-ல் ஜூலை 28-ந் தேதி. "சென்ற வருடம் ஜூலை 28-ல் எவ்வளவு விற்றது?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டால், தேரே ஓடாத ஒரு சாதாரண நாளின் கணக்கை அது எடுத்து நீட்டும். அதன்மேல் தப்பில்லை. கணக்கில் விசேஷ நாளையும் குறித்து வைத்திருக்க வேண்டும்.

சிறு கடைக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு நீள நோட்டு போதும். தேதி, விசேஷம், பால் எத்தனை லிட்டர், சீனி எத்தனை கிலோ, விற்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று கோடு போட்டுக்கொள்ளலாம். இதில் கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள்.