கைத்தறித் துணி விற்பனை: நம் இளைஞர்களுக்கு ஒரு தொழில்

நெல்லை விளைவிப்பது ஒரு தொழில். அதை நல்ல விலைக்கு விற்பது மற்றொரு தொழில். இவ்வுண்மையை உழவர் பெருமக்கள் அனுபவத்தால் அறிவர். நெசவாளருக்கும் இது பொருந்தும். நம் கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி கைலிக்கும், புவனகிரி பட்டுச் சேலைக்கும் பெயர் பெற்றவை. கைத்திறனில் குறைவில்லை, துணியின் அருமையை எடுத்துரைத்து விற்கப் பயின்றோரே குறைவு.

விற்பனை தேங்கினால் விளைவது யாது? கூட்டுறவுச் சங்கத்தின் முதலீடு துணியாக அலமாரியில் முடங்குகிறது. அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணமில்லை. தறி நிற்கிறது, கூலியும் நிற்கிறது. ஆகவே விற்பனையாளரும் நெசவுத் தொழிலில் ஒரு பங்காளியே ஆவார்.

அயர்லாந்து நாட்டில் ஆளிச் செடியின் நாரிலிருந்து லினன் துணி நெய்கின்றனர். அங்கு 1711-ஆம் ஆண்டில் லினன் வாரியம் அமைக்கப்பட்டது. துணியைச் சோதித்து முத்திரையிடும் முறை அதன்கீழ் வளர்ந்தது. 1928-இல் தோன்றிய லினன் தொழிற் கழகம் அந்நாட்டுத் துணிக்கென ஓர் அடையாளக் குறியைப் பரப்பியது. வாங்குவோர் பெயரை நம்பி வாங்கினர். நம்பிக்கையே அவ்வாணிபத்தின் மூலதனமாயிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. 1935-இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் சங்கங்களின் துணிகளை வாங்கித் தன் விற்பனை நிலையங்களில் விற்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைலி உள்ளிட்ட சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. எனினும் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்போர் உளர். வேறுபாட்டை விளக்கிக் காட்டும் விற்பனையாளர் இருந்தாலன்றி முத்திரையால் முழுப்பயன் விளையாது.

உண்மையை மறைக்காமல் விற்பதன் பலனுக்கு ஒரு சான்று உண்டு. 1950-களின் இறுதியில் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற கட்டம் போட்ட துணி, துவைத்தபோது சாயம் விட்டது. குளிர்ந்த நீரில் தனியே துவைக்க வேண்டும் என்பது வாங்கியோருக்குத் தெரிவிக்கப்படாததால் புகார்கள் எழுந்தன. பின்னர், சாயம் கசிந்து கலந்து புது நிறம் காட்டுவதே இத்துணியின் இயல்பு என்று வெளிப்படையாக விளம்பரம் செய்தனர். குறையாகக் கருதப்பட்டதையே மக்கள் விரும்பி வாங்கினர்.

இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் முதலில் அறிய வேண்டியவை வருமாறு:

1. நூலின் நெம்பர்: ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ அதுவே நெம்பர். 40-ஐவிட 80-ஆம் நெம்பர் நூல் மெல்லியது.

2. சாயத்தின் உறுதி: நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தல் எளிய சோதனை.

3. அளவு: நீளத்தையும் அகலத்தையும் வாங்குவோர் முன்னிலையில் அளந்து காட்டுதல்.

4. கணக்கு: நூல் விலை, சாயச் செலவு, கூலி ஆகியவற்றைக் கூட்டி விலையின் நியாயத்தை விளக்குதல்.

5. செய்தி: எந்த நிறமும் கட்டமும் விரைவில் விற்கின்றன என்பதைச் சங்கத்துக்குத் தவறாமல் தெரிவித்தல். இதுவே தேக்கத்தைத் தடுக்கும் மருந்து.

சேலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் நெசவுக் கல்வி பெறலாம். நமக்கு அருகிலோ, 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு வணிகவியல் பயிலும் மாணவர், விடுமுறையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கையும் இருப்பையும் நேரில் கண்டால், பாடமும் தொழிலும் ஒன்றுசேரும். வெளியூர் மாணவர் பலர் தங்கும் அண்ணாமலை நகரும், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மக்கள் திரளும் சிதம்பரமும் கைலி, துண்டு, போர்வை விற்க உகந்த இடங்களே.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை இரண்டு. வாரச் சந்தையில் நெசவாளர் சங்கத்துக்கு ஓர் இடம் ஒதுக்குதல். ஊரில் படித்து வேலை தேடும் ஆண், பெண் இருபாலரையும் சங்கத்துடன் தொடர்புபடுத்துதல். உழவர்களும் அறுவடைக்குப் பின் துணி எடுக்கும்போது முத்திரையைக் கேட்டு வாங்கலாம். அவர்கள் கொடுக்கும் பணம் பக்கத்து ஊர்த் தறிக்கு நூலாகவும், நெசவாளர் வீட்டுக்கு அரிசியாகவும் போய்ச் சேரும்.