கடல் கடந்து வரும் வைர மோதிரம்

அம்பர்நாத் ஸ்டேஷனுக்கு இருபுறமும் வாழும் தமிழர் வீடுகளில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி "எத்தனை பவுன்?" என்பதுதான். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் உண்டா?"

மாப்பிள்ளை அமெரிக்காவிலோ துபாயிலோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் அங்கிருந்தபடியே ஓர் இணையதளத்தில் மோதிரத்தைப் பார்த்து, படத்தைப் பெண் வீட்டாரின் செல்போனுக்கு அனுப்புகிறார். சில வீடுகளில் பெண்ணின் அண்ணனே தன் கார்டைத் தட்டி வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறான். தொழிற்சாலையில் முப்பது ஆண்டு உழைத்த தகப்பனாரின் சேமிப்பில் ஒரு பகுதி அந்த ஒரு தட்டலில் கடல் கடந்து போகிறது.

போகட்டும். ஆனால் போவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

எங்கிருந்து வந்த பழக்கம்?

நம் வழக்கத்தில் நிச்சயம் என்றால் தாம்பூலம் மாற்றுவது. பெரியவர்கள் முன்னிலையில் பத்திரிகை வாசித்துத் தட்டை மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதியாயிற்று. மோதிரம் மாற்றுவது பிற்பாடு வந்து சேர்ந்த பழக்கம்.

அதிலும் வைர மோதிரம்தான் வேண்டும் என்ற ஆசை, அமெரிக்காவில் விளம்பரத்தால் வளர்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களைக் கையில் வைத்திருந்த டீ பீர்ஸ் கம்பெனி 1888-இல் தொடங்கப்பட்டது. அதன் விளம்பரத்துக்காக 1947-இல் பிரான்சிஸ் ஜெரட்டி என்ற பெண்மணி, வைரம் அழிவில்லாதது என்று பொருள்படும் ஒரு வாசகத்தை எழுதிக் கொடுத்தார். அந்த வாசகம் உலகையே சுற்றி வந்தது. 1999-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கப்பட்ட ப்ளூ நைல் கம்பெனி, கல்யாண வைர மோதிரத்தை இணையத்தில் விற்றே பெரிதாக வளர்ந்தது.

வெளிநாட்டு வைரம் நமக்குப் புதிதல்ல. பாட்டிமார் காதில் மின்னும் 'ப்ளூ ஜாக்கர்' தோடு பலருக்கு நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவில் 1870-இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட ஜாகர்ஸ்பான்டீன் என்ற ஊரின் பெயரே தமிழ் வீடுகளில் 'ஜாக்கர்' ஆயிற்று. ஆனால் அந்தத் தோட்டை வாங்கிய தாத்தா, ஊரில் தெரிந்த கடைக்காரரிடம்தான் வாங்கினார். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, சில நாள் வைத்துப் பார்த்து, 'ராசி' சரியாக இருந்தால்தான் பணம் கொடுத்தார். ராசி பார்த்தது நம்பிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சில நாளில் கல்லை நான்கு பேரிடம் காட்டி விசாரிக்க அவகாசம் கிடைத்தது. இன்று கம்பெனிகள் கொடுக்கும் 'திருப்பி அனுப்பும் கெடு' என்பதும் அதுவேதான். இத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று கெடு இல்லாத இடத்தில் வைரம் வாங்கவே கூடாது.

உலகம் சுற்றி வரும் கல்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் அகப்படும் வரை, உலகத்துக்கு வைரம் கொடுத்த நாடு பெரும்பாலும் இந்தியாதான். கிருஷ்ணா நதிக்கரையில் உள்ள கொல்லூர்ச் சுரங்கமும், கோல்கொண்டாச் சந்தையும் பேர் பெற்றவை. இன்று இங்கே தோண்டி எடுப்பது மத்தியப் பிரதேசத்தில் பன்னாவில் கிடைக்கும் கொஞ்சம்தான்.

ஆனால் பட்டை தீட்டும் வேலை நம் நாட்டை விட்டுப் போகவில்லை. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது குஜராத்தில் உள்ள சூரத் நகரில் தீட்டப்படுவதாகச் சொல்வார்கள். அவற்றை வாங்கி விற்கும் பெரிய சந்தை மும்பையில் இருக்கிறது. முன்பு ஆபரா ஹவுஸ் பகுதியில் நடந்த இந்த வியாபாரத்துக்கு, 2010-இல் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் பாரத் டயமண்ட் போர்ஸ் என்ற பெரிய கட்டடத் தொகுதி திறக்கப்பட்டது. அந்தேரி சீப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வைரம் பதித்த நகைகள் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுகிறார்கள்.

ஆக, சிகாகோவிலிருந்து தபாலில் வரும் மோதிரத்தின் கல், சூரத்தில் பட்டை தீட்டி, குர்லா பக்கம் கைமாறி, அந்தேரியில் பதித்து, அமெரிக்கா போய்த் திரும்பியதாகவும் இருக்கலாம். அம்பர்நாத்காரர் லோக்கல் வண்டியில் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்த கல்லுக்கு, இரண்டு கடல் தாண்டிய கூலியும் சேர்ந்துவிடுகிறது.

படத்தில் ஒரு விலை, கைக்கு வரும்போது ஒரு விலை

இணையதளத்தில் தெரிவது டாலர் விலை. கார்டில் கட்டினால், டாலரை ரூபாயாக மாற்ற பல வங்கிகள் தனிக் கட்டணம் பிடித்துக்கொள்கின்றன. பொருள் இங்கே இறங்கியதும் சுங்க வரி உண்டு. அது மோதிரத்தின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் இரண்டையும் கூட்டிய தொகைக்குப் போடப்படுகிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. சுங்க வரியின் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. ஆர்டர் கொடுக்கும் நாளில் அது என்ன என்று விசாரித்துக் கணக்குப் போட்ட பிறகுதான், வெளிநாட்டில் மலிவா, உள்ளூரில் மலிவா என்று சொல்ல முடியும்.

'அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரி கிடையாது' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பு 5,000 ரூபாய் வரை அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மை. 2019 டிசம்பரில் அது எடுக்கப்பட்டுவிட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு. மோதிரம் அன்பளிப்பாக வந்தாலும் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாப்பிள்ளையே கையோடு கொண்டுவந்தால் வேறு வழி உண்டு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் இந்தியர்களில் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் வரை நகைக்குச் சலுகை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளில் எடையோடு விலைக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்தது. அவர் கிளம்பும் நேரத்தில் விதி எப்படி என்று பார்த்துக்கொண்டு, கடை ரசீதையும் கையில் வைத்திருப்பது நல்லது.

மோதிரத்தின் அளவிலும் கவனம் வேண்டும். அமெரிக்க ஆறாம் நம்பர் வேறு, நம் ஊர் ஆறாம் நம்பர் வேறு. நம்பரைச் சொல்லாமல், விரலுக்குச் சரியாக இருக்கும் ஒரு மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்ல வேண்டும். தங்கத்திலும் வித்தியாசம் உண்டு. வெளிநாட்டு மோதிரம் பெரும்பாலும் 14 காரட் அல்லது 18 காரட். அதாவது நூற்றுக்கு 58.5 அல்லது 75 பங்கு தங்கம். நாம் பழகிய 22 காரட்டில் 91.6 பங்கு.

கல்லுக்குச் சாட்சி

வைரத்தின் விலையைத் தீர்மானிப்பவை நான்கு: எடை, நிறம், சுத்தம், வெட்டு. தங்கத்தில் காரட் என்றால் தரம். வைரத்தில் காரட் என்றால் எடை. ஒரு காரட் 0.2 கிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். முப்பது சென்ட் கல்லைப் படத்தில் பெரிதாக்கிக் காட்டினால் நெல்லிக்காய் அளவு தெரியும். சென்ட் கணக்கைப் பார்க்க வேண்டுமே தவிர, படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது.

கோவலன் கொண்டுபோன சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்துப் பரல். உள்ளே இருப்பது என்ன என்று முன்பே பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். வைரத்துக்கு அந்தச் சோதனையைச் செய்து எழுத்தில் கொடுக்க நிலையங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ., ஆன்ட்வெர்ப் நகரில் 1975-இல் தொடங்கிய ஐ.ஜி.ஐ. இரண்டும் பேர் பெற்றவை. இரண்டுக்கும் மும்பையிலும் சோதனைக்கூடம் உண்டு. சர்ட்டிபிகேட்டில் உள்ள எண்ணை அந்த நிலையத்தின் இணையதளத்தில் போட்டு ஒத்துப்பார்க்கலாம். பல கற்களின் விளிம்பில் அதே எண்ணை லேசர் ஒளியால் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடியில் அதைக் காட்டச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: கல் பூமியில் விளைந்ததா, தொழிற்சாலையில் விளைந்ததா? தொழிற்சாலை வைரமும் வைரமே. கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்கு இயந்திரம் வேண்டும். 2023-இல் பிரதமர் மோடி அமெரிக்க ஜனாதிபதியின் மனைவிக்குக் கொடுத்த 7.5 காரட் கல்லும் அப்படிப்பட்டதுதான். அதை வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அதன் விலை பெரிதும் சரிந்திருக்கிறது. தொழிற்சாலைக் கல்லுக்குச் சுரங்கக் கல்லின் விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

'சுங்க அதிகாரி' டெலிபோன்

பணத்தைப் பறிகொடுப்பவர்களில் பலர் மோதிரத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை.

கல்யாண இணையதளத்தில் 'லண்டன் டாக்டர்' ஒருவர் அறிமுகமாவார். பல வாரம் இனிக்க இனிக்கப் பேசுவார். "உனக்கு வைர மோதிரம் அனுப்பியிருக்கிறேன்" என்று பார்சலின் படத்தையும் அனுப்புவார். இரண்டு நாளில் டில்லி விமான நிலையச் சுங்க அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கூப்பிடுவார். "வரி கட்டினால்தான் பார்சல் வரும்" என்பார். கட்டினால் அடுத்து அபராதம் என்பார். அதையும் கட்டினால் "வழக்குப் போடுவோம்" என்று மிரட்டுவார். டாக்டரும் பொய், அதிகாரியும் பொய், மோதிரமும் பொய். மாதச் சம்பளக்காரர்களின் வைப்புநிதிப் பணம் இப்படிக் கரைந்திருக்கிறது. வெளியே சொன்னால் பெண்ணின் பேர் கெடும் என்று வீட்டில் மூடி மறைத்துவிடுவதுதான் மோசடிக்காரனுக்குப் பெரிய பலம்.

சுங்க இலாகா எவருடைய சொந்த வங்கிக் கணக்கிலும் வரி கட்டச் சொல்வதில்லை. 2019 நவம்பர் முதல் அதன் கடிதங்களுக்கு டி.ஐ.என். என்ற அடையாள எண் வழங்கப்படுகிறது. அந்த எண் அசல்தானா என்று இலாகாவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறுவதைத் தடுத்து நிறுத்த வழி இருக்கிறது.

குறை இருந்தால்

இந்தியருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையக் கம்பெனிகளுக்கும் நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் இருக்கிறது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அம்பர்நாத்காரருக்கு அது தானே மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் இங்கே ஓர் அலுவலகம்கூட இல்லாத கம்பெனியிடமிருந்து, தீர்ப்பு வந்த பிறகும் பணத்தை வசூலிப்பது எளிதல்ல. உள்ளூர்க் கடைக்காரர் என்றால் மறுநாளே போய் நிற்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். அவசரத்துக்கு நகையை அடகு வைக்காத குடும்பம் நம்மில் குறைவு. வங்கியில் நகைக்கடன் கொடுப்பவர்கள் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே பணம் கொடுக்கிறார்கள். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வைர மோதிரம், அங்கே மூன்று நான்கு கிராம் தங்கம். எனவே வைரத்தைச் சேமிப்பு என்று நினைத்து வாங்கக் கூடாது. அழகுக்கு வாங்கலாம், கைக்கு அடங்கிய பணத்தில் வாங்கலாம். கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அல்ல அது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் நகைக்கடைகள் இருக்கின்றன. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கினால் ஜவேரி பஜார் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே திறந்திருக்கும் கடைகளை விசாரித்துக்கொண்டு, பெண்ணையும் அழைத்துப்போய், விரலில் போட்டுப் பார்த்து, ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்கிறதா என்று கவனித்து, ரசீதோடு வாங்கலாம். வெளிநாட்டில்தான் வாங்குவது என்று தீர்மானித்தவர்கள், மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கார்டை எடுக்கட்டும்.