மனக்காயத்துக்குப் பிறகு மூளை செய்யும் வேலை

நண்பர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். “இதெல்லாம் ஒரு வலியா?” என்று வீட்டில் கேட்பார்கள். காத்தோங்கில் நான் பாடம் நடத்தும் மாணவர்களுக்குத் தெரியும், அது வலிதான் என்று.

ஆய்வும் அதையே காட்டுகிறது. 2003இல் நயோமி ஐசன்பர்கர் குழுவினர், எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களைக் கணினியில் பந்தெறியும் விளையாட்டில் சேர்த்தனர். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் அவர்களுக்குப் பந்து போடுவதை நிறுத்திவிட்டனர். (அந்த இருவரும் வெறும் கணினி நிரல்!) உடனே மூளையின் ‘முன்புறச் சிங்குலேட் புறணி’ கூடுதலாக இயங்கியது. உடலில் அடிபட்டால் உண்டாகும் வேதனையிலும் அந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு.

அந்த வலியிலிருந்து வளர்ச்சி வருமா? அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990களில் இதற்கு ‘அதிர்ச்சிக்குப் பிந்திய வளர்ச்சி’ என்று பெயரிட்டனர். பெரும் துன்பத்தை அவர்கள் நிலநடுக்கத்துக்கு ஒப்பிடுகிறார்கள். இடிந்த ஊரை மறுபடியும் உறுதியாகக் கட்டலாம். ஆனால் அந்த உறுதியைத் தருவது நிலநடுக்கம் அல்ல, கட்டும் வேலை. அழைக்காமலே திரும்பத் திரும்ப வரும் நினைவு ஒரு வகை. ‘இது எனக்கு என்ன காட்டியது, இனி என்ன செய்வேன்?’ என்று நாமே உட்கார்ந்து யோசிப்பது இன்னொரு வகை. கட்டும் வேலை இரண்டாவதில்தான் நடக்கிறது. எல்லாருக்கும் அது நடப்பதில்லை. நடந்தாலும் வலி முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது.

எலிசபெத் சோய் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சாங்கியில் அடைபட்டிருந்த கைதிகளுக்கு ரகசியமாக உதவிய ஆசிரியர். 1943இல் ஜப்பானிய ராணுவக் காவல்துறை அவரைப் பிடித்து, ஆர்ச்சர்ட் ரோடு ஒய்எம்சிஏ கட்டடத்தில் ஏறத்தாழ 200 நாள் அடைத்துச் சித்திரவதை செய்தது. போர் முடிந்ததும், கொடுமை செய்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்தார். பழியைப் போரின் மீதே போட்டார். 1956இல் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியரானார். எந்த உளவியல் அளவுகோலும் வைத்து அவரை அளக்கவில்லை. ஆனால், பட்டதை அவர் மறைக்கவில்லை; பின்னாளில் அதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

பேசத் தயங்குவோர் எழுதிப் பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் மனக்காயத்தைப் பற்றி எழுதினர். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது.

ஒன்று மட்டும்: இதெல்லாம் நடந்து முடிந்த காயத்துக்கு. பகடிவதை இன்னும் தொடர்கிறது என்றால் நோட்டுப் புத்தகம் பிறகு. முதலில் படிவ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போய்ச் சொல்லுங்கள்.