புகையை விட்டபின் கை நடுங்கினால்

நம் சங்கத்து அன்பர்களில் சர்க்கரை வியாதியையும் சிகரெட்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டு காலங் கழிப்பவர் சிலர் உளர். சென்ற ஆண்டு வரை நாமும் அவர்களுள் ஒருவராயிருந்தோம். கரக்பூரில் சரக்கு அலுவலகக் குமாஸ்தா வேலை. இரவு முறை வந்தால் நிலையத்துக்கு வெளியேயுள்ள தேநீர்க் கடையில் ஒரு பெட்டி தீர்ந்துவிடும்.

வலக்காற் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. மருத்துவர் புண்ணைவிட நம் சட்டைப் பையையே அதிகம் பார்த்தார். நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது. சர்க்கரையால் முன்னமே நலிந்த காலுக்கு இரத்தமும் குறைந்தால் புண் எவ்வாறு ஆறும்? விரலை இழக்க நேரலாம் என்றார். அன்றே விட்டோம்.

மூன்றாம் நாள் ரசீது எழுதுகையில் கை நடுங்கிற்று. அகோரப் பசி. பக்கத்து மேசை நண்பர்மீது காரணமின்றிச் சீறினோம். சர்க்கரை இறங்கிவிட்டதென்றெண்ணி இரண்டு ரசகுல்லாக்களை விழுங்கினோம். மறுநாளும் அவ்வாறே. வாரம் முடிவதற்குள் சர்க்கரை எகிறிவிட்டது. "விடாதபோதே நன்றாயிருந்தீர்" என்று பெட்டியை நீட்டிய புண்ணியவானும் உண்டு!

புகை ஏக்கத்திலும் சர்க்கரை தாழ்வதிலும் உடம்பு காட்டும் குறிகள் பல ஒன்றுபோலிருக்கும். விரலில் ஒரு சொட்டு இரத்தமெடுத்துக் கருவியில் பார்த்தாலன்றி விளங்காது. 70 மில்லிகிராமுக்குக் கீழாயின் உடனே 15 கிராம் சர்க்கரை கொள்ளவேண்டும். கருவி கையிலில்லையெனில் தாழ்ந்ததாகவே கொள்வது பாதுகாப்பு. அளவு சரியாயிருந்தால் அது வெறும் ஏக்கமே. ஒரு குவளை நீரும் சிறு நடையும் போதும். நடக்க நமக்கு இடத்துக்கா குறை? 1,072 மீட்டர் நீளமுள்ள நம் ஊர் நடைமேடை ஒருகாலத்தில் உலகிலேயே நீளமானது. 2013இல் கோரக்பூரும் 2023இல் ஹூப்ளியும் முந்திக்கொண்டன. ஒரு கோடியிலிருந்து மறுகோடி சேர்வதற்குள் ஏக்கம் தணிந்துவிடுகிறது.

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ கொள்வோர், விடப்போகும் நாளை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும். முதற் சில வாரங்கள் சர்க்கரை ஏறியிறங்கலாம். பின்னர் மருந்தைக் குறைக்கவும் நேரலாம். எடையும் கூடும்; நமக்கு நான்கு கிலோ. துணை வேண்டுவோர்க்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356 இருக்கிறது. அதனினும் பெரிய துணை இல்லாள்தான்; மிட்டாய்ப் புட்டியை எங்கு ஒளித்தாளென்று இன்றுவரை தெரியவில்லை.

புண் ஆற மேலும் ஏழு வாரம் பிடித்தது. விரல் இருக்கிறது, நகம் மட்டும் சற்றே கோணலாக முளைத்திருக்கிறது.