கேமராவைக் கண்டுபிடித்தது ஒரு முஸ்லிமா?

"கேமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வலம் வருகிறது. மாஷா அல்லாஹ் என்று சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை.

தமிழில் 'கண்டுபிடிப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டு காரியங்களுக்குப் புழங்குகிறோம். அல்லாஹ் படைத்து வைத்திருப்பதை மனிதன் கண்டறிவது ஒன்று. இல்லாத கருவியைப் புதிதாகச் செய்வது இன்னொன்று. ஒளியின் இயல்பை அறிந்தது முதல் வகை. கேமரா இரண்டாம் வகை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது.

ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, பிற்காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தவர் இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் வெளியே சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிட், தாலமி போன்ற முன்னோர் எழுதியிருந்தார்கள். இவர் அதை ஏற்கவில்லை. சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது அல்லவா?

கேள்வியோடு அவர் நிற்கவில்லை. இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வெளிச்சம் விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய வெளிச்சம் மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, துவாரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பது கண்முன்னே நிரூபணமானது. ஏழு பாகங்கள் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இத்தகைய சோதனைகளும் கணிதமும் நிறைந்தது. தாலமியை அறியாமல் மறுத்தவரல்ல அவர். ஊன்றிப் படித்து, தம் ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், பேசாமல் இரு என்று பிள்ளைகளின் வாயை அடைக்கும் நம் வீடுகள் (மதரஸாக்களையும் சேர்த்தே சொல்கிறேன்) இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

துவாரம் வழியே பிம்பம் விழுவது அவருக்கு முன்பே சீனாவிலும் கிரேக்கத்திலும் கவனிக்கப்பட்டிருந்தது. அவருடைய நூல் லத்தீனுக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சானது. 1604இல் கெப்ளர், விழித்திரையில் பிம்பம் விழும் விதத்தை விளக்கினார். ஆனால் பிம்பம் விழுந்தால் போதுமா? அது நிலைத்து நிற்க வேண்டுமே! வெளிச்சம் பட்டால் மாறும் பொருட்களைப் பற்றிய அறிவும் சேர்ந்த பிறகுதான், 1820களில் பிரான்ஸின் நியெப்ஸ் நிலைத்து நிற்கும் புகைப்படம் எடுத்தார். இதில் யார் ஒருவரைக் கண்டுபிடித்தவர் என்பது?

விடுமுறை நாளில் ஓர் அறையை நன்றாக இருட்டாக்கி, ஜன்னலை அடைத்த அட்டையில் சிறு துவாரமிட்டுப் பாருங்கள். வெயில் நன்றாக அடித்தால் வெளியே இருக்கும் மரம், துவாரத்துக்கு எதிரே பிடித்த வெள்ளைத் துணியில் தலைகீழாகத் தெரியும். ஏன் தலைகீழ் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.