ஊரடங்கு தளர்ந்தது, எங்கள் பாடு?

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்ததைப் பற்றிப் பலரும் பேசியும் எழுதியும் விட்டார்கள். கதவு திறக்கப்பட்ட பிறகு நாங்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், அடைபட்டிருந்த நாட்களைவிடத் தளர்த்தப்பட்ட நாட்கள்தான் எனக்குக் கூடுதலான எரிச்சலையும் களைப்பையும் தந்தன என்பேன். அடைத்து வைத்திருந்தபோது ஒழுங்கை முழுவதற்கும் ஒரே கதை. திறந்துவிட்ட பிறகுதான் யார் வீட்டில் ஆண் துணை இருக்கிறது, யாரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, யாரிடம் தொழில் கடிதம் இருக்கிறது என்ற வித்தியாசங்கள் எல்லாம் வெளியே வந்தன.

ஊரடங்கு எமக்குப் புதிதல்ல. 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது எங்கள் கிராமத்தில் பதறியவர்கள் இளம் பிள்ளைகள்தான். என் வயதுப் பெண்கள் அரிசி, பருப்பு, உப்பு, நெருப்புப்பெட்டி, சவர்க்காரம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள், பனம்பழத்தால் துணி தோய்த்தவர்கள் நாங்கள். இல்லாமையைச் சமாளிக்க எங்களுக்கு எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

திறந்துவிடுவதும் எமக்குப் புதிதல்ல. மெனிக் பாம் முகாமில் இருந்தபோது 2009 டிசம்பர் 1 ஆம் திகதி முதல் வெளியே போய் வரலாம் என்றார்கள். அன்று வாசல்வரை போய் நின்றுவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் கூடாரத்துக்கே திரும்பி வந்த ஒரு வயதான அம்மா இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறார். வாசலைத் திறப்பது ஒரு காரியம். திறந்த வாசலால் போய் வருவதற்குக் காலும் காசும் இடமும் இருப்பது வேறு காரியம்.

முதலில் அடையாள அட்டை விடயத்தைச் சொல்கிறேன். 2020 மே மாதத்தில், ஊரடங்கு நடைமுறையில் இருந்த பகுதிகளில், அட்டை இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து வெளியே விடும் முறை வந்தது. ஒன்று, இரண்டு என்றால் திங்கட்கிழமை. மூன்று, நான்கு என்றால் செவ்வாய்க்கிழமை என்று வெள்ளி வரைக்கும் போகும். 2021 மே மாதத்தில் அது நாடு முழுவதற்கும் ஒற்றை, இரட்டை என்று வேறு உருவத்தில் வந்தது. ஒற்றை எண்காரர் ஒற்றைத் திகதிகளில், இரட்டை எண்காரர் இரட்டைத் திகதிகளில். வீட்டுக்கு ஒருவர் மாத்திரம். நெரிசலைக் குறைக்க இது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விதியை எழுதியவர்களின் மனதில் இருந்த வீடு, அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீடு. அங்கே ஒருவருக்கு ஒற்றை, மற்றவருக்கு இரட்டை என்று அமைந்தால் ஒரு நாளும் தடையில்லை. எங்கள் வீட்டில் நடமாடக்கூடிய, அட்டை உள்ள ஆள் நான் ஒருத்திதான். அம்மா படுக்கையில். மகளுக்கு அட்டை எடுக்கும் வயது வரவில்லை. அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்த நாள் ஒற்றைத் திகதி. என் இலக்கத்தின் கடைசி எண் நான்கு. முன்வீட்டு அக்காவிடம் துண்டைக் கொடுத்து வாங்குவித்தேன். அவவும் தனிய இருக்கிறவதான். இப்படி ஒற்றைக்காரியும் இரட்டைக்காரியும் சேர்ந்து எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் போல ஆனோம். சில நாட்கள்தான் அந்த விதி இருந்தது. ஆனாலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இந்த நாட்டில் இத்தனை இருக்க, ஒரு விதி எழுதும்போது அந்த வீடுகள் ஒருவருக்கும் நினைவுக்கு வராமல் போவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது கடிதம். தொழிலுக்குப் போகிறவர்கள் தொழில் தருநரின் கடிதத்தைக் காட்டிப் போகலாம் என்றார்கள். அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்குக் கடிதம் இருக்கும். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அட்டையும் இருக்கும், பஸ்ஸும் வரும். விவசாயமும் அனுமதிக்கப்பட்ட தொழில்தான். ஆனால் அனுமதி தோட்டக்காரரிடம் இருந்தது. கூலிக்குக் களை பிடுங்கப் போகிற பெண்களின் கையில் சாப்பாட்டுப் பாத்திரம் மாத்திரம்தான் இருந்தது.

"வேலைக்கு எண்டால் கடிதம் எங்க?" என்று வீதியில் மறித்தவர் கேட்டார்.

"களை புடுங்கிறதுக்கு ஆர் தம்பி கடிதம் தருவினம்?" என்று எங்கள் குழுவில் மூத்தவ திருப்பிக் கேட்டா. அவர் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. அன்றைக்கு ஐந்து பேரின் கூலியும் போனது. பிறகு கிராம அலுவலரிடம் போய், இன்ன இன்னார் கூலித் தொழில் செய்பவர்கள் என்று ஒரு கடிதத்தில் ஐந்து பெயரையும் போட்டு வாங்கினோம். அந்தக் கடிதத்தை நான் இன்னமும் எறியவில்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் தொழில் சான்றிதழ் அதுதானே!

பஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆசனங்களுக்கு மாத்திரம் ஆட்களை ஏற்ற வேண்டும் என்றார்கள், அது சரி. ஆனால் மேலதிகமாக ஒரு பஸ்ஸாவது விட்டார்களா? எங்கள் தரிப்பிடம் பாதி வழியில் இருக்கிறது. எங்களிடம் வரும்போதே பஸ் நிறைந்திருக்கும். கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மாகாணங்களுக்கு இடையிலான பயணத்தடையை மட்டும் இலேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. 2021 ஒக்டோபர் 1 ஆம் திகதி தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீக்கப்பட்டது. கடைகள் திறந்தன, ஊருக்குள் எல்லோரும் நடமாடினோம். ஆனால் மாகாண எல்லை அந்த மாதம் முடியும் வரைக்கும் மூடியே கிடந்தது. என் பெரியம்மாவின் மகள் திருகோணமலையில் செப்டெம்பரில் இறந்துபோனா. செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அப்போது ஊரடங்கு, மனதைத் தேற்றிக்கொண்டேன். முப்பத்தோராம் நாளுக்காவது போகலாம் என்று இருந்தேன். வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் நடுவில் எல்லை மறித்தது. முகத்தைக் காணாத சாவுகள் எங்களில் பலருக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. எரித்தார்களா, புதைத்தார்களா என்று தெரியாமல் வருடங்களைக் கடத்துகிற தாய்மார் நடுவில்தான் நான் இருக்கிறேன். அப்படியிருக்க, எல்லாம் திறந்துவிட்டது என்று வானொலியில் சொல்லக் கேட்டுக்கொண்டு, அக்காவின் படத்துக்கு வீட்டிலிருந்தே விளக்கேற்றியது எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

இனி, எல்லாவற்றிலும் பெரியது. தடை தளர்ந்த அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கைக்கு முதலில் வந்தவர் மருத்துவமாதுவும் அல்ல, சமுர்த்தி உத்தியோகத்தரும் அல்ல. நுண்கடன் அறவிட வரும் தம்பிதான்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு. ஒருவருக்கு ஒருவர் பிணை. நான் தையல் மெசினுக்கும், ஒருவ கோழி வளர்ப்புக்கும், ஒருவ மிளகாய்த்தூள் இடிப்பதற்கும் என்று எடுத்த கடன். கிழமைக்கு ஒரு தவணை. 2020 இல் கொரோனா தொடங்கியபோது கடன்களுக்கு ஆறு மாத ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. கேட்டதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அல்ல. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. மறுபடியும் கொப்பியைத் திறந்து பார்த்தபோது முடியவேண்டிய திகதி தள்ளிப்போயிருந்தது, தொகையும் கூடியிருந்தது. அரசாங்கம் கொடுத்த ஐயாயிரம் ரூபாவில் அந்த மாதம் அரிசியும் மாவும் வாங்கினோம். அதில் தவணைக்கு எடுத்து வைக்க ஏதும் மிஞ்சவில்லை.

2021 இல் ஊரடங்கு எடுத்த பிறகு இன்னும் மோசம். கோழி வளர்த்தவவுக்குத் தீன் வாங்க முடியாமல் கோழிகளை விற்றாச்சு. எனக்குத் தையல் இல்லை. கலியாணமும் கோயில் திருவிழாவும் இல்லாத ஊரில் யார் புதுச் சட்டை தைப்பார்கள்? அந்தத் தம்பி பின்னேரம் நாலு மணிக்கு வந்து திண்ணையில் இருந்தால் ஏழு மணியாகும். ஐந்து பேரின் காசும் வராமல் எழும்ப மாட்டார். ஒருவ இல்லையென்றால் மற்ற நால்வரும் போட வேண்டும். ஒரு நாள் கோழி வளர்த்தவ கிணற்றடிக்குப் பின்னால் மரவள்ளிக்குள் போய் நின்றா. நாங்கள் நால்வரும் அவவைத் திட்டிக்கொண்டு காசு சேர்த்தோம். ஷெல்லுக்குப் பயந்து ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள் நாங்கள். ஒரு தவணைக் காசு எங்களை ஒருவரை ஒருவர் முகம் பாராமல் செய்துவிட்டது. கொரோனா செய்த கேடுகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தம்பியிலும் எனக்குக் கோபமில்லை. அவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான். அவருக்கும் மேலே இலக்குக் கொடுத்திருப்பார்கள்.

பிறகு மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வாய்விட்டுப் பேசினோம். இப்படி எங்கள் ஊரில் மாத்திரம் நடக்கவில்லை என்று அங்கேதான் விளங்கியது. 2021 மார்ச் மாதத்தில் பொலனறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட சிங்களப் பெண்கள் தெருவோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்ததை ஒரு தங்கச்சி சொன்னா. பாஷை வேறு, கொப்பி ஒன்று! நாங்கள் சத்தியாக்கிரகம் இருக்கவில்லை. மூன்று காரியம் செய்தோம். மீதி எவ்வளவு, அதில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் தரும்படி கேட்டோம். ஐந்து மணிக்குப் பிறகு எவர் வீட்டிலும் அறவீடு இல்லை என்று சொன்னோம். கோழி வளர்த்தவவின் தவணையைச் சிறிதாக்கித் தரும்படி ஐவரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். பிரதேச செயலகத்து மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் கடிதம் எழுத உதவினா. முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவதற்கு நான்கு மாதம் இழுத்தார்கள், ஆனாலும் தவணையைக் குறைத்தார்கள். இப்படித் தொல்லைப்படுகிற சகோதரிகள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

ஒக்டோபர் மாதம் விலைவாசியும் சேர்ந்துகொண்டது. பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு, சீமெந்து எல்லாவற்றுக்கும் இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். நானூறு கிராம் பால்மாப் பெட்டி 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவுக்குப் போனது. கடைக்குப் போக விட்டார்கள், கடையில் வாங்க முடியவில்லை. நாங்கள் விறகுக்குத் திரும்பினோம். எரிவாயுவுக்குப் பழகிய பட்டணத்துக்காரர் பாடு இன்னும் கஷ்டம்.

பள்ளிக்கூடங்கள் கட்டம் கட்டமாகத் திறந்தன. 2021 ஒக்டோபர் 21 ஆம் திகதி சிறிய ஆரம்பப் பாடசாலைகள், நவம்பர் 8 ஆம் திகதி பத்தாம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள், நவம்பர் 22 ஆம் திகதி மற்றவர்கள். எனக்கு மறுபடியும் தையல் வந்தது. புதுச் சீருடை அல்ல. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், துணி வளரவில்லை. பாவாடைக் கரையை அவிழ்த்து இறக்குவதும், காற்சட்டை இடுப்பைப் பெருப்பிப்பதும்தான் வேலை. மடிப்பை அவிழ்த்தால் பழைய இடத்தில் ஒரு வெள்ளைக்கோடு தெரியும். பிள்ளைகளுக்கு அது வெட்கம். நீலப் பென்சிலால் தேய்த்துக்கூடப் பார்த்தோம். ஒரு தைப்புக்கு ஐம்பது ரூபா வாங்கினேன், சிலரிடம் வாங்கவில்லை.

முன்வீட்டு அக்காவின் மகன் மட்டும் காற்சட்டை கொண்டு வரவில்லை. பதினொராம் ஆண்டு. மூடியிருந்த காலத்தில் கல் அரியும் இடத்துக்குப் போகத் தொடங்கியவன், நாளுக்கு ஆயிரம் ரூபா. வீட்டில் ஒரே ஒரு கைத்தொலைபேசி, அதுவும் இலேசில் சிக்னல் எடுக்காது. ஒன்லைன் படிப்பு அவனுக்கு முதல் மாதத்தோடு முடிந்துவிட்டது. "இனிப் போய் என்னத்தை அன்ரி படிக்கிறது?" என்றான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆயிரம் ரூபாவில்தான் தாயின் தவணை போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்கும் அவனை நிறுத்த மனமில்லை, அனுப்பவும் வழியில்லை. வகுப்பு ஆசிரியை இரண்டு தரம் வீட்டுக்கு வந்தா. பதினாறு வயது வரைக்கும் கட்டாயக் கல்வி என்பது சட்டம் என்று சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் வந்து சொன்னார். சட்டம் சரி, தவணைக்கு யார் பொறுப்பு என்று அக்கா கேட்டா. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் அவர்கள் தங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார்கள். கிழமை நாட்களில் பள்ளிக்கூடம், சனியும் ஞாயிறும் கல் அரியப் போவது. குழுவில் நாங்கள் நால்வரும் மூன்று மாதம் அக்காவின் தவணையில் பாதியைப் பங்கிட்டுப் போட்டோம். அந்தக் காசை அவ பிறகு முட்டை விற்றுத் தந்து முடித்தா. மகனின் காற்சட்டை எனக்கு ஜனவரியில் வந்தது. இறக்க மடிப்பில் துணியே இருக்கவில்லை, தகப்பனின் பழைய காற்சட்டையில் வெட்டி ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

2022 மே 23 ஆம் திகதி சாதாரண தரப் பரீட்சை தொடங்கியபோது எரிபொருள் வரிசைக் காலம். பஸ் ஓடுமோ ஓடாதோ தெரியாது. பரீட்சை நிலையம் எட்டுக் கிலோமீற்றர் தூரம். விடிய ஐந்தரைக்கு அவன் சைக்கிளை எடுத்தான். பின்னால் கரியரில், ஒற்றை இலக்கக்காரியின் மகனோடு, இரட்டை இலக்கக்காரியான என் வீட்டுச் சோற்றுப் பார்சலும் போனது.