மாதிரி விமானத்தின் இயந்திரமும் அதனைப் பேணும் முறையும்

உருவிற் சிறியதாயினும் செயலிற் பெரியது எனப் போற்றத்தக்க பொருள்களுள் மாதிரி விமானத்தின் இயந்திரமும் ஒன்றாகும். உள்ளங்கையில் அடங்கும் இவ்வியந்திரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேற் சுழலவல்லது. நிலத்தில் ஓடும் ஊர்தி பழுதுற்றால் வீதியோரத்தில் நின்றுவிடும். வானொலி அலைகளால் நெறிப்படுத்தப்படும் விமானத்துக்கோ அத்தகைய புகலிடம் இல்லை. இயந்திரம் நின்றதும் அது உயரத்தை இழக்கத் தொடங்கும்; இறங்குமிடத்தைத் தேர்வதற்கு எஞ்சுவது சிறிது நேரமே. கீழே மக்கள் நிற்பின் இழப்பு விமானத்தோடு முடிவதன்று. ஆதலின் இயந்திரத்தின் நம்பகம் என்பது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய வினாவன்று.

1947ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரே ஆர்டன் என்பவர் ஒளிர்செருகியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன்பின் பாரமான மின்கலமும் மின்சுருளும் விமானத்தில் ஏறவேண்டிய தேவை ஒழிந்தது. செருகியினுள் பிளாற்றினக் கலப்புலோகக் கம்பிச்சுருள் ஒன்று உளது. தொடக்கத்தில் மட்டும் மின்கலம் அதனைச் சூடேற்றும். பின்னர், மெதனோல் ஆவி பிளாற்றினத்தின்மேற் படுவதால் நிகழும் இரசாயனத் தாக்கமும், முந்திய எரிதலின் வெப்பமும் அக்கம்பியை ஒளிரச் செய்துகொண்டேயிருக்கும். எரிபொருளில் மெதனோலுடன் உராய்வு நீக்கும் எண்ணெயும், பெரும்பாலும் சிறிதளவு நைத்திரோமீதேனும் கலந்திருக்கும்.

இத்தகைய ஈரடிப்பு இயந்திரத்தில் எரிபொருளே எண்ணெயையும் சுமந்து செல்கின்றது. ஊசி வால்வை அளவுக்கு மேல் மூடினாற் கலவை ஐதாகும். எரிபொருள் குறைய எண்ணெயும் குறையும். வெப்பம் மிகும் வேளையிலேயே காப்பும் குன்றுவதால் ஆடுதண்டும் உருளையும் தேய்வுறும். ஈற்றில் இயந்திரம் இறுகி நிற்கும். தரையிற் செவ்வையாக ஓடிய இயந்திரம் வானிலும் அவ்வாறே ஓடும் எனக் கொள்ளுதல் தவறு. விமானம் மூக்கை நிமிர்த்தி ஏறும்போது எரிபொருட்கலம் இயந்திரத்துக்குக் கீழே தாழ்ந்து, எரிபொருள் வருகை குறையும். எனவே, பறப்பதற்கு முன் விமானத்தின் மூக்கை உயர்த்திப் பிடித்துச் சோதித்தலும், கலவையைச் சற்றே செறிவாக வைத்தலும் அறிந்தோர் வழக்கம். குழாயில் ஒரு நுண்டுளையோ வடிகட்டியில் ஒரு தூசோ இயந்திரத்தை நிறுத்தப் போதுமானவை. அதிர்வினால் எரிபொருள் நுரைக்காதிருக்கக் கலத்தைப் பஞ்சுறையிற் பொதிதலும் வேண்டும்.

ஓடும்போது நேர்வனவற்றிலும் ஓய்ந்திருக்கும்போது நேரும் கேடுகள் நுண்ணியவை. மெதனோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. எஞ்சிய எரிபொருள் உள்ளே தங்கின், எரிதலில் விளைந்த அமிலப் பொருள்களும் ஈரமும் சேர்ந்து உருக்குக் குண்டுப்போதிகைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால், அன்றைய பறப்பு முடிந்ததும் எஞ்சிய எரிபொருளை எரித்துத் தீர்த்து, காப்பெண்ணெய் சில துளி இட்டு, சுழல்விசிறியைக் கையாற் சுற்றிவைத்தல் வேண்டும்.

இவ்வுண்மைகளின் பெருமையை உணர்த்திய நிகழ்ச்சி 2003ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அமெரிக்கப் பொறியியலாளரான மேனார்ட் ஹில், தமது 77ஆம் வயதில், கண்ணொளி பெரிதும் குன்றிய நிலையில், அத்திலாந்திக் சமுத்திரத்தை மாதிரி விமானத்தாற் கடக்க முனைந்தார். முந்திய விமானங்கள் பல இம்முயற்சியில் அழிந்தன. அவர் தளர்ந்தாரல்லர். விதிப்படி விமானத்தின் மொத்த எடை 5 கிலோகிராமை மிஞ்சலாகாது. அதில் ஏறத்தாழப் பாதி எரிபொருளாகவே இருந்தது. ஒரே எடையில், மெதனோல் தரும் ஆற்றல் பெற்றோல் இனம் தருவதிற் பாதிக்கும் குறைவு. ஆதலின் ஹில் மெதனோலையும் ஒளிர்செருகியையும் கைவிட்டார். கடையில் விற்கும் 10 கன சென்ரிமீற்றர் நாலடிப்பு இயந்திரமொன்றை மின்பொறிப் பற்றவைப்புக்கு மாற்றியமைத்து, விளக்கெரிக்கும் தூய நப்தாவில் சிறிது எண்ணெய் கலந்து பயன்படுத்தினார். மணிக்கு 70 கிராமை மிஞ்சாத எரிபொருளில் இயந்திரம் மெல்லென ஓடிற்று.

ஆகஸ்ட் 9ஆந் தேதி கனடாவின் நியூபவுண்லாந்திலிருந்து எழுந்த அவ்விமானம், செய்மதி வழிகாட்ட, 38 மணி 52 நிமிடம் பறந்து, ஆகஸ்ட் 11ஆந் தேதி அயர்லாந்தின் கிளிவ்டென் அருகே இறங்கியது. கடந்த தூரம் ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர். 1919இல் அல்கொக், பிரவுண் என்னும் இருவர் இடையில் நிற்காது அச்சமுத்திரத்தை முதன்முதற் கடந்து இறங்கியதும் அப்பகுதியிலேயே. அவர்களுடைய விமானத்தில் இயந்திரங்கள் இரண்டு. பழுதைக் கண்டுகொள்ள மனிதரும் இருந்தனர். ஹில்லின் விமானத்திலோ இயந்திரம் ஒன்றே. நடுக்கடலில் அதன் ஊசி வால்வைத் திருத்தக் கையொன்றும் இல்லை.

புறப்படுமுன் செய்யப்பட்டதைத் தவிர வேறெத்துணையும் அவ்வியந்திரத்துக்கு இருக்கவில்லை. நம்பகம் என்பது இயந்திரத்துடன் விலைக்கு வாங்கப்படுவதன்று. எரிபொருளின் தூய்மையிலும், கலவையின் அளவிலும், ஓய்வுவேளைப் பேணுகையிலும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கப்படுவதாகும்.